அக்குளில் நீலம்

முதல் டிராமுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
தம்பேரே நகரம் பனிக்கடியில் புரண்டு படுக்கிறது.
சமையலறை விளக்கின் கீழ் ஹில்லேவி
குள்ளனை எடுத்து நிறுத்துகிறாள்.
கட்டைவிரல் உயரம்தான்.
இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் கோடரி,
தொப்புள்வரை தாடி.
ஒயின் பாட்டில் தக்கையில் ஒட்டி நிற்கிறான்.
வெள்ளீயம். கையில் வைத்தால் தெரிகிறது கனம்,
திருப்பித் தராத கடன்போல.

முதல் முறை
கழுவாமலே பூசினாள்.
வார்ப்பச்சின் எண்ணெய் மேலெல்லாம் இருந்தது.
சிவப்பு ஒட்டாமல் உருண்டது.
காய்ந்தபின் மூக்கைத் தொட்டாள்,
மூக்கின் நிறம் விரலோடு வந்துவிட்டது.

அடுத்த முறை சோப்பு, பழைய டூத் பிரஷ்.
உச்சந்தலையில் தொடங்கிக் குதிகால்வரை ஓடிய
வார்ப்புக் கோட்டை அரம் வைத்துத் தேய்த்தாள்.
எல்லாம் ஒழுங்கு.
அடிப்பூச்சு ஸ்பிரேயோடு பால்கனிக்குப் போனாள்.
வெளியே மைனஸ் பதினேழு.
டப்பா ஒருமுறை இருமியது.
ரவையில் புரட்டி எடுத்தவன்போல்
உள்ளே வந்தான் குள்ளன்.
விட மனமில்லை. அதன்மேலேயே
குப்பியிலிருந்து அப்படியே அள்ளி
நீலச் சட்டை போட்டுவிட்டாள்.
தாடி எது, பெல்ட் எது,
வாய் எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை, அடுக்ககத்து நிலவறையில்,
சைமி, வயது பதினான்கு,
வாயிலிருந்த மிட்டாயை ஒதுக்காமலே கேட்டாள்:
"இவருக்குக் குளிருதா? போர்வை போத்தியிருக்காரே."
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
தன் ஓநாய்களை வரிசையில் நிறுத்திக்கொண்டே
இல்போ சொன்னான்: "தண்ணி."
"எவ்வளவு?"
"பால் மாதிரி."
"எந்தப் பால்?"
நெடுநேரம் யோசித்தான்.
"கொழுப்பெடுத்த பால்."

ஜாம் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி
ராத்திரி முழுக்க ஊறவிட்டாள்.
பிளாஸ்டிக் என்றால் கூழாகியிருப்பான்.
இவன் உலோகம்.
இரண்டு மாத வேலை கசடாய் அடியில் கிடக்க
பிறந்த மேனியாய் எழுந்து வந்தான்,
தனக்கு எதுவும் நடக்கவில்லை என்பதுபோல்.

இப்போது டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு,
அதன்மேல் கேக் சுடும் காகிதம்,
காகிதத்தின்மேல் வியர்க்கும் ஒரு பொட்டு நீலம்.
தூரிகையை டிஷ்யூவில் ஒற்றி
நுனியை உருட்டிக் கூராக்குகிறாள்.
பிரேக்கை ஒரேயடியாய் அழுத்தினால்
நிற்கிற அத்தனை பேரும் முன்னால் விழுவார்கள்.
அது அவள் காலுக்குத் தெரியும்.
கைக்குத்தான் இத்தனை நாளாகிறது.

முதல் பூச்சு பார்க்கச் சகிக்கவில்லை.
திட்டுத் திட்டாய்ச் சாம்பல் தெரிகிறது.
இங்கேதான் இன்னொரு வாய் அள்ளி அப்பத் தோன்றும்.
அப்பவில்லை.
வியாழன் எட்டு மணி சவுனா அவள் முறை,
போய் வெந்து, சிவந்து, ஈரத் தலையோடு வந்து
இரண்டாம் பூச்சு.
சட்டைக்கு மடிப்பு வந்தது.
நீர்த்த பழுப்பு மயிருக்கு மயிர் இறங்கித்
தாடியில் நிழலாய் நின்றது.
ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால்
தூசு தட்டுவதுபோல் மேலே வருட
நரை விழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிலைக்குக் கடைசியில் கண் திறப்பது நம் வழக்கம்.
இவள் கண்ணைத் தீட்டிவிட்டுத்தான்
கன்னத்துக்கே வருகிறாள்.
பிசகினால் தோல் நிறம் மூடிக்கொள்ளும்.
முழங்கையை மேசையில் ஊன்றி
இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அணைத்து
மூச்சு வெளியேறி
அடுத்தது வருமுன் உள்ள சந்தில்
ஒரு புள்ளி.
வலது கண் சரி.
இடது கண் தன் சாவிக்கொத்தைப் பார்க்கிறது.
மூடினாள். மறுபடி. இப்போது கூரையை.
மறுபடி மூடினாள்.

திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டாள்:
கோடரி தூக்கிய கையின் அக்குளில்
அசிட்டோன் எட்டாத பழைய நீலம்,
தடித்த கட்டி, ரவை ரவையாய்.
ஊசியை எடுத்தாள்.
மணி நாலே முக்கால். வைத்துவிட்டாள்.

ஹெர்வந்தா போகும் வழியில் சிவப்பு விளக்கு.
கையுறையைக் கழற்றுகிறாள்.
கட்டைவிரல் நகத்தில் ஒத்திகைக்குப் போட்ட
பதினொரு கண்கள்.
அதில் ஒன்று
நேராகப் பார்க்கிறது.